குடல் வைரஸ்கள் பற்றிய இணையவழிப் பாடத்தொடர்: ஒரு மதிப்பீடு

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வைரஸ்கள் குடல் செல்லுக்குள் நுழையும் விதத்தையும் உடல் அவற்றை எதிர்க்கும் விதத்தையும் 12 காணொளிகளில் விளக்கும் பாடத்தொடரை முழுமையாகப் பார்த்து முடித்தேன். பள்ளி அளவிலான உயிரியல் தெரிந்த எவரும் தயங்காமல் சேரலாம். எட்டாம் பாடத்தில் மட்டும் கவனம் தேவை.

தொடரின் உச்சம் ரோட்டாவைரஸ் பகுதிதான். சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சியின் நுனியில் உள்ள முதிர்ந்த செல் ஒன்றை அசைபடமாகக் காட்டுகிறார்கள். உணவைச் செரிக்க நம் உடல் சுரக்கும் டிரிப்சின் நொதியே வைரஸின் வெளிமுள் புரதத்தை வெட்டி, அதன் தொற்றும் திறனைக் கூட்டிவிடுகிறது. உள்ளே நுழைந்தபின் என்எஸ்பி4 என்ற வைரஸ் புரதம் செல்லில் கால்சியம் அளவை உயர்த்த, குடலுக்குள் நீர் சுரக்கிறது. செல்கள் அழிவதால் மட்டுமே பேதியாகிறது என்று நெடுநாள் எண்ணியிருந்த நான், இக்காட்சியை நான்கு முறை திரும்பப் பார்த்தேன். வைரஸை எதிர்க்க உடல் பயன்படுத்தும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் சுரப்பைத் தூண்டும் ஐஆர்எஃப்3 புரதத்தை என்எஸ்பி1 என்ற மற்றொரு வைரஸ் புரதம் சிதைப்பதையும் அதே தெளிவுடன் விளக்கியுள்ளனர்.

நோரோவைரஸ் பாடங்களும் நன்று. 1972இல் மின்னணு நுண்ணோக்கியில் அடையாளம் காணப்பட்ட இவ்வைரஸை, மனிதக் குடல் திசுவிலிருந்து உருவாக்கிய சிற்றுறுப்புகளில் வளர்க்க 2016இல்தான் முடிந்தது என்பதையும், சில வகைகள் வளர்வதற்குப் பித்தநீர் தேவைப்பட்டது என்பதையும் ஆசிரியர் பொறுமையாகச் சொல்கிறார். எஃப்யூடி2 மரபணு செயல்படாதவர்களின் குடல் செல்களில் வைரஸ் பற்றிக்கொள்ளும் சர்க்கரை அமைப்பு உருவாவதில்லை என்பதால், நோரோவைரஸின் பல வகைகள் அவர்களை எளிதில் தொற்றுவதில்லை என்ற விளக்கமும் அருமை.

குறை எட்டாம் பாடத்தில் இருக்கிறது. வைரஸ் உள்ளே நுழைவதற்காகப் பற்றிக்கொள்ளும் செல்பரப்புப் புரதமே ஏற்பி. சிடி300எல்எஃப் என்ற ஏற்பி எலி நோரோவைரஸுக்குரியது. மனித நோரோவைரஸ் அதன் வழியாக நுழைவதில்லை. பாடமோ இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறது. குடல் பாக்டீரியாக்களை நீக்கிய எலிகளில் போலியோ வைரஸின் தாக்கம் குறைந்ததைக் காட்டிய 2011ஆம் ஆண்டு ஆய்வு ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. குடல் சளிப்படலத்தில் காவல் நிற்கும் ஐஜிஏ எதிர்ப்பொருளுக்கு ஆறே நிமிடங்கள் ஒதுக்கியிருப்பது எனக்கு வருத்தமளித்தது.

பிழையைச் சுட்டிக்காட்டி எழுதினேன். அடுத்த பதிப்பில் திருத்துவதாகப் பதில் வந்தது. அதுவரை எட்டாம் பாடத்தைப் பார்ப்பவர்கள், ஏற்பி பற்றிய ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘எலியில்’ என்ற சொல்லைத் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.