எக்ஸ்பான்ஸ் ஆறு சீசனும் பாத்தாச்சு: கதைக்கு ஃபுல் மார்க்ஸ், கணக்குக்கு கொஞ்சம் வெட்டு

எக்ஸ்பான்ஸ்னு வருங்காலத்து விண்வெளிக் கதை சொல்ற ஒரு இங்கிலீஷ் சீரிஸ், அதைப் பாக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், தாராளமா பாருங்க. ஆனா இது சயன்ஸ் பிழையே இல்லாத சீரிஸ்னு யாராச்சும் சொன்னா அதை மட்டும் நம்பிடாதீங்க. நான் இலங்கையில ஹட்டன் பக்கம் ஏ/எல் பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கிற ஆளு, எதைப் பாத்தாலும் ஒரு கண்ணு கதையில இருக்கும் இன்னொரு கண்ணு கணக்குல இருக்கும், நடுவுல நிப்பாட்டி வெளக்கம் சொல்ல ஆரம்பிச்சுடுவேன்னு வீட்டுல ரிமோட்டை என் கையில குடுக்கிறதே இல்ல.

2015ல ஆரம்பிச்ச சீரிஸ். மூணு சீசனோட சைஃபை சேனல் கைவிட்டுட்டாங்க, பொறகு அமேசான் பிரைம் எடுத்து 2022 ஜனவரில முடிச்சாங்க, மொத்தம் 62 எபிசோட். பூமி ஒரு பக்கம், செவ்வாய் ஒரு பக்கம், ரெண்டுக்கும் நடுவுல நசுங்குறது பெல்ட்காரங்க, அதாவது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில இருக்கிற சின்னக் கிரகங்கள்ல ஐஸும் கனிமமும் தோண்டி அனுப்புற சனம். அந்தக் கிரகங்கள்லயே பெருசான செரஸ்ல ஒரு காலத்துல ஐஸ் எவ்வளவோ கெடந்துச்சு, பூமியும் செவ்வாயும் சொரண்டிட்டுப் போயிட்டாங்க, இப்ப எங்களுக்கு தண்ணி ரேஷன்லன்னு ஒருத்தன் சொல்ற எடத்துல நான் நிப்பாட்டிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நல்ல தேத்தூள் எல்லாம் கப்பல் ஏறிப் போக மிச்ச தூள்ல பிளேன்டி குடிக்கிற நமக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. அவங்க பேசுற பாஷையையும் நிக் ஃபார்மர்னு ஒரு மொழி ஆளை வச்சு தனியா உருவாக்கியிருக்காங்க, சப்டைட்டில் போட்டுட்டே பாருங்க, இல்லாட்டி ஒண்ணும் வெளங்காது.

சரி, பிசிக்ஸுக்கு வாறேன். முதல் சந்தோஷம் கப்பலோட உள் அமைப்பு. மத்த சீரிஸ்ல எல்லாம் கப்பல் பிளேன் மாதிரி படுத்துகிட்டு போகும், உள்ள ஆளுங்க ஜாலியா நடப்பாங்க, புவியீர்ப்பு எங்கருந்து வருதுன்னு கேக்கப்படாது. இதுல எஞ்சின் அடியில, தட்டுகள் எல்லாம் அதுக்கு மேல மாடி மாடியா அடுக்கி இருக்கு, எஞ்சின் தள்ளுற வரைக்கும் தரை காலை அழுத்தும், எஞ்சின் நின்னா மிதப்பாங்க, இல்லாட்டி காந்த சப்பாத்து போட்டு நடப்பாங்க. பாதி தூரம் வேகம் கூட்டிட்டுப் போய் அப்புறம் கப்பலை அப்பிடியே திருப்பி எஞ்சினை முன்பக்கம் வச்சு பிரேக் போடுவாங்க. நியூட்டன் பாத்தாலும் தலை ஆட்டுவாரு. பூமில இருந்து செவ்வாய்க்கு ஒரு மெசேஜ் போக எங்க எங்க இருக்குங்கறதைப் பொறுத்து 3 நிமிஷத்துல இருந்து 22 நிமிஷம் வரைக்கும் எடுக்கும், ஒளியோட வேகம் அவ்வளவுதான், அதையும் மறக்காம கதைக்குள்ள வச்சிருக்காங்க, சண்டை நடக்கும்போது கதையில பூமியை ஆளுற ஐநா ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு பழைய நியூஸ்தான் கெடைக்கும், அந்தத் தவிப்பே ஒரு சீனா மாறுது.

இப்ப எல்லாரும் புகழுற சீன். செரஸ்ல மில்லர்னு ஒரு டிடெக்டிவ் விஸ்கி ஊத்துறாரு, அது நேரா கிளாஸுக்குள்ள விழாம வளைஞ்சு வந்து விழுது. செரஸை சுத்த விட்டு செயற்கையா ஈர்ப்பு உண்டாக்கியிருக்காங்க, சுத்துற எடத்துல விழுற பொருள் பக்கவாட்டுல விலகும், கொரியோலிஸ் விளைவு, ஆகா என்ன நுணுக்கம்னு கைதட்டுறாங்க. நானும் முதல் தடவை பாக்கும்போது எழும்பி உக்காந்தேன்தான். பொறகு கிளாஸ்ல வட்ட இயக்கம் நடத்தும்போது இதை ஒரு கணக்கா போட்டு விட்டேன். பின் பெஞ்சுல இருந்து ஒரு பிள்ளை கேட்டுச்சு, "சேர், இந்த வேகத்துல சுத்தினா செரஸே பிச்சுகிட்டு போயிடுமே சேர்?"

அந்தப் பிள்ளை சொன்னது சரி. செரஸோட ஆரம் கிட்டத்தட்ட 470 கிலோமீட்டர். இப்ப அது 9 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் சுத்துது, அதோட சொந்த ஈர்ப்பு நம்மளோடதுல 3 வீதம்கூட இல்ல. பூமி ஈர்ப்புல மூணுல ஒரு பங்கு அளவுக்கு ஆளுங்க வெளிப்பக்கம் கால் வச்சு நிக்கணும்னா செரஸ் சுமார் 40 நிமிஷத்துக்கு ஒரு சுத்து சுத்தணும். ஆனா ரெண்டேகால் மணித்தியாலத்துக்குக் கீழ போனாலே அதோட மத்தியகோட்டுல ஒரு கல்லுகூட தரையில நிக்காது, வெளிய பறந்துடும். 40 நிமிஷம்னா உள்ள இருக்கிற பாறைக்கு வர்ற இழுவை எந்தக் கருங்கல்லும் தாங்குறதை விட பல மடங்கு. செரஸ்ல ஸ்டேஷன் இருக்காது, செரஸும் இருக்காது.

சரி அதை விடுவோம், ஏதோ வருங்காலத்து சீமெந்து பூசி கட்டி வச்சுட்டாங்கன்னே வச்சுக்குவோம். அப்பவும் விஸ்கி வளையாது! அவ்வளவு பெரிய உருண்டை 40 நிமிஷத்துக்கு ஒரு தரம் சுத்துறது கொரியோலிஸுக்கு ரொம்ப மெதுவான சுத்து. 30 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து ஊத்தினா விலகல் கால் மில்லிமீட்டர்தான் வரும், கண்ணுக்கே தெரியாது. இதே விஸ்கியை 50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு குட்டி ஸ்டேஷன்ல அதே ஈர்ப்புல ஊத்தினா 2 சென்டிமீட்டர் விலகும், அங்க வளைஞ்சா நியாயம். அதாவது விதி சரி, போட்ட எடம் பிழை. எனக்கு இதுலதான் கோவம். பச்சைப் பொய்யை எல்லாரும் பொய்னு பாத்துட்டு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க, ஆனா இப்பிடி பாதி சரியா அழகா எடுத்த பிழையை பிள்ளைங்க உண்மைன்னு மனசுல வச்சுக்கிறாங்க, அதை எடுக்கிறதுக்குள்ள எனக்கு போதும் போதும்னு ஆயிடுது.

பச்சைப் பொய்னா என்னான்னு காட்ட ரெண்டு பழைய சரக்கு சொல்றேன். 1975ல வந்த ஸ்பேஸ் 1999ங்கற சீரிஸ், அதுல 1999 செப்டெம்பர் 13ம் திகதி நிலாவுல கொட்டி வச்ச அணுக்கழிவு வெடிச்சு நிலாவே பூமியை விட்டு ஓடிடும். நிலாவை பூமியோட பிடியில இருந்து கழட்ட தேவையான சக்திய கணக்குப் போட்டா, சூரியன் எல்லாத் திசையிலயும் விடுற மொத்த சக்தியையும் ஒண்ணரை நிமிஷத்துக்கு மேல சேத்து வைக்கணும். அப்பிடி வெடிச்சா நிலா ஓடாது, தூளாகும். அதுக்கு மேல கிழமைக்கு ஒரு புதுக் கிரகத்துக்கு வேற போய் சேருறாங்க, பக்கத்து நட்சத்திரமே 4 ஒளியாண்டுக்கு அங்கிட்டு இருக்கு. டாக்டர் ஹூங்கற சீரிஸ்ல 2014ல வந்த கில் த மூன் எபிசோட்ல நிலா ஒரு முட்டையாம், எடை 130 கோடி டன் கூடிடுச்சாம், அதனால பூமியில கடல் பொங்குதாம். 130 கோடி கேக்க பெருசாத்தான் இருக்கு, ஆனா நிலாவோட எடையில அது 5,000 கோடில ஒரு பங்குகூட இல்ல, ஒரு அலைக்கும் தெரியாது. எழுதினவர் நிலாவோட எடையை ஒரு தரம் தேடிப் பாத்திருந்தா இன்னும் பத்துப் பன்னெண்டு பூஜ்யத்தை சேத்து எழுதியிருப்பாரு, கதையும் மாறியிருக்காது செலவும் இல்ல.

பழைய ஸ்டார் ட்ரெக்ல 1967ல கோர்ட் மார்ஷல்னு ஒரு எபிசோட், என் ஃபேவரிட். கப்பல்ல ஒளிஞ்சிருக்கிறவனோட நெஞ்சுத் துடிப்பைக் கேக்கணும், கம்ப்யூட்டரோட காதை ஒண்ணோட நாலாம் அடுக்கு அளவுக்கு கூட்டலாம்னு கேப்டன் கெத்தா சொல்றாரு. ஒண்ணோட நாலாம் அடுக்கு ஒண்ணுதானேய்யா! ஓ/எல் பிள்ளைங்களே சிரிக்கும். அதே எபிசோட்ல சத்தம் வரக்கூடாதுன்னு எஞ்சினை நிப்பாட்டினதும் கப்பல் கிரகத்தைப் பாத்து எறங்க ஆரம்பிச்சுடும். நம்ம லயங்கள்ல தகரத்துக்கு மேல டிஷ் இல்லாத வீடு கொறைவு, அதெல்லாம் பாத்துகிட்டு இருக்கிற சட்டலைட் 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல சுத்துது, அதைத் தூக்கிப் பிடிக்க எஞ்சின் ஓடிகிட்டே இருக்கிறது இல்ல, எடம் தவறாம இருக்க எப்பவாச்சும் சின்னத் தட்டு தட்டுவாங்க அவ்வளவுதான். அந்த ஒசரத்துல மூணு ஸ்டேஷன் வச்சா உலகம் முழுக்க ரேடியோ அனுப்பலாம்னு 1945லயே எழுதினவர் ஆர்தர் சி. கிளார்க், பொறகு 1956ல இருந்து சாகுற வரைக்கும் நம்ம நாட்டுலயே இருந்தாரு.

அவர் பேர் வந்ததால ஒண்ணு. அவரோட ஒரு நாவல்ல சிவனொளிபாதமலை மாதிரி ஒரு மலை உச்சியில இருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுவாங்க. அந்த லிஃப்டுக்கு மத்தியகோடு வேணும், நம்ம மலை அதுக்கு வடக்கால இருக்கு. மனுசன் என்ன செஞ்சாருன்னா தீவையே 800 கிலோமீட்டர் தெக்கால நகத்திட்டாரு, நகத்தினதை ஒளிக்காம புத்தகத்துலயே சொல்லியும் வச்சாரு. மஸ்கெலியா பக்கம் இருந்து அந்த மலையைப் பாக்குறப்ப எல்லாம் எனக்கு சிரிப்பு வரும். இப்பிடி சொல்லிட்டு செய்யிற களவுக்கு நான் மார்க் வெட்டுறதே இல்ல. ஸ்டார் ட்ரெக்ல ஆளை ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு அனுப்புற மெஷினுக்கு, ஒரு துகளோட எடத்தையும் வேகத்தையும் ஒரே நேரத்துல துல்லியமா அளக்க ஏலாதுங்கற ஹைசன்பர்க் விதியை சமாளிக்க, ஹைசன்பர்க் காம்பென்சேட்டர்னு ஒரு சாமான் இருக்கு, அது எப்பிடி வேலை செய்யுதுன்னு கேட்டதுக்கு அங்க வேலை செஞ்ச மைக்கேல் ஒகுடா ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லி முடிச்சுட்டாரு. அந்த நேர்மை போதும்.

பயாலஜி பக்கம் அதிகம் போகல, எனக்கு அது பாடம் இல்ல, ஆனா ஸ்டார் ட்ரெக் வாயேஜர் சீரிஸ்ல த்ரெஷோல்ட்னு ஒரு எபிசோட்ல மனுசன் ரொம்ப வேகமா போனதால பரிணாமம் முந்திகிட்டு பல்லி மாதிரி ஒண்ணா மாறிடுவான். ஏதோ முன்னாடியே எழுதி வச்ச பாதையில ஒரே ஆளு நடந்து போறதுக்குப் பேரு பரிணாமம் இல்ல. அந்த எபிசோடுக்கு மேக்கப்புக்கு எம்மி விருது குடுத்தாங்க, அது நியாயமான தீர்ப்பு.

திரும்ப எக்ஸ்பான்ஸ். அஞ்சாவது சீசன் பாக்காதவங்க இந்தப் பந்தியைத் தாண்டிடுங்க. கதையில முக்கியமான ஆளான நேயோமி விண்வெளி உடுப்பு இல்லாம வெற்றிடத்துக்குள்ள குதிக்கிற சீன், ஆக்சிஜன் ஏத்தின ரத்தத்தை ஊசியா போட்டுகிட்டு குதிக்கிறா. ஒடம்பு பலூன் மாதிரி வெடிக்காது, ரத்தமும் ஒடனே கொதிக்காது, தோலும் ரத்தக் குழாயும் பிடிச்சு வச்சிருக்கும். நுவரெலியால தண்ணி 94 பாகையிலயே கொதிச்சுடும்னு பருப்பு வேக வைக்கிறவங்களுக்குத் தெரியும், ஒசரம் கூட காத்தழுத்தம் கொறையும் கொதிநிலையும் எறங்கும், வெற்றிடத்துல ஒடம்புச் சூடே வெளிய இருக்கிற ஈரத்தைக் கொதிக்க வைக்கப் போதும். 1966ல நாசாவோட ஹூஸ்டன் சோதனை அறையில ஜிம் லெப்லாங்க்ங்கறவரோட விண்வெளி உடுப்புல இருந்த காத்துக் குழாய் கழண்டு 14 செக்கன் மாதிரி நெனைவு இருந்துச்சாம், கடைசியா ஞாபகம் இருந்தது நாக்குல எச்சில் கொதிச்சதாம். ஆளு தப்பிச்சாரு. நேயோமிக்கு ஊசி இருக்கிறதால கொஞ்சம் கூட நேரம் குடுத்ததை ஏத்துக்கலாம், முகம் வெந்து வீங்கி வெளிய வாறதையும் நல்லா காட்டியிருக்காங்க.

இன்னொரு குறை, விண்வெளியில சத்தம் வருது. 2002ல வந்த ஃபயர்ஃப்ளை சீரிஸ்ல அதை தைரியமா ஊமையா விட்டாங்க, இவங்களால ஏலாம போச்சு. அடுத்தது சூடு. அணுக்களை ஒண்ணா சேத்து சக்தி எடுக்கிற அவ்வளவு பெரிய ஃபியூஷன் எஞ்சினை வச்சுகிட்டு அந்த சூட்டை வெளிய தள்ள ஒரு ரேடியேட்டர்கூட கப்பல்ல காணல. வெற்றிடத்துல காத்து இல்ல, கதிர்வீச்சா மட்டும்தான் சூடு வெளிய போகும், சர்வதேச விண்வெளி நிலையத்துலயே அதுக்குன்னு பெரிய பெரிய தகடு விரிச்சு வச்சிருக்காங்க. இவங்க கப்பல் முதல் நாளே உருகியிருக்கணும். எஞ்சினை கேள்வி கேக்காம ஏத்துகிட்டேன், தகடு நாலு வரைஞ்சிருந்தா என்ன கொறைஞ்சிருக்கும்?

என் மார்க்: சயன்ஸுக்கு 10க்கு 8, செரஸுக்காக 1 வெட்டினேன், ரேடியேட்டருக்காக 1. கதைக்கு 9. முதல் சீசன்ல நாலு எபிசோட் வரைக்கும் யாரு யாருன்னே வெளங்காது, பொறுமையா இருங்க. நாலாவது சீசன் ஒரே கிரகத்துல சுத்துது, கொஞ்சம் இழுவை. ஆறாவதுல ஆறே எபிசோட்தான், அவசரமா முடிச்ச மாதிரி இருக்கும், ஒம்பது நாவல்ல ஆறு வரைக்கும்தான் எடுத்தாங்க, அதனால ஒரு கதை அந்தரத்துலயே தொங்குது. கெட்ட வார்த்தையும் ரத்தமும் நிறைய, சின்னப் பிள்ளைங்களை தூங்க வச்சுட்டுப் போடுங்க. இருட்டு சீன் ரொம்ப கூட, போன்ல பாத்தா பாதி தெரியாது, டிவி இருந்தா அதுல பாருங்க.