ஒவ்வொன்றாக முடிப்பதா, கட்டம் கட்டமாகச் செய்வதா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போது, வீட்டு வாசல்களில் ஆயிரங்கால் தூண்டில் வேலை தொடங்கிவிடும். ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகப் பல தூண்டில் முட்கள் தொங்கும் தூண்டில் அது. ஒவ்வொரு முள்ளும் தொங்குவது ஒரு கிளை நரம்பில், அதாவது சிறு நைலான் இழையில். அப்படி 200 கிளை நரம்புகள் கட்ட இரண்டு வழிகள் உண்டு.

என் மாமா ஒவ்வொன்றாக முடிப்பவர். நரம்பை வெட்டி, முள்ளைக் கட்டி, மறுமுனையில் கண்ணி போட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். முடிச்சு சரியில்லை என்றால் முதலிலேயே தெரிந்துவிடும். பாதியில் எழுந்து போனாலும் முடிந்தது முடிந்ததுதான். ஆனால் கத்தரிக்கோலை 200 முறை எடுத்து வைக்க வேண்டும். அதைத் தேடுகிற நேரம் தனி.

நான் கட்டம் கட்டமாகச் செய்பவன். பலகையில் இரண்டு ஆணி அடித்து, நரம்பைச் சுற்றி, ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் எல்லாம் ஒரே நீளம். பிறகு முள் கட்டுவது மட்டும். இருபதாவது முடிச்சுக்குள் விரல்கள் பழகிவிடும். ஆபத்தும் இங்கேதான்: ஒருமுறை ஆணி இடைவெளியைத் தவறாக வைத்து, மொத்தத்தையும் ஒரு சாண் குறைவாக வெட்டிவிட்டேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு போதாதா?

இப்போது முதல் மூன்றை அவர் வழியில் முடித்து, இழுத்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தை என் வழியில் செய்கிறேன். எந்த வழியானாலும் இறுக்கும் முன் முடிச்சைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். உலர்ந்து உரசினால் சூட்டில் நைலான் பலவீனமாகிவிடும். கட்டியவற்றின் முள்ளைக் கூடை விளிம்பில் வரிசையாகக் குத்தி வைத்தால் சிக்காது.