பழங்காநத்தம் டைனமோ பட்டறை: இரண்டு பேட்டரிகளுக்குப் பிறகு கிடைத்த விடை

பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில், ஒரு வேப்பமரத்தடியில் தகரக் கூரையின் கீழ் நடக்கும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் டைனமோ பட்டறை என்று கேட்டால்தான் வழி சொல்கிறார்கள். பழைய கார் வாங்கி, அடிக்கடி பேட்டரி இறங்கும் தொல்லையில் இருப்பவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

என்னுடையது 2013-ம் ஆண்டின் சிறிய பெட்ரோல் கார். இரண்டாவது கையாக வாங்கியது. என் தந்தையாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் இருப்பதால், திருமங்கலத்திலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பி மதுரைக்கு வந்தாக வேண்டும். வாங்கிய மூன்றாம் மாதமே காலையில் செல்ஃப் எடுக்கத் திணறத் தொடங்கியது. பேட்டரிக் கடையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதிது போட்டேன். இரண்டு மாதத்தில் அதுவும் இறங்க, வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். வேறொரு பட்டறையில், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைக் கழற்றி, கார்பன் பிரஷ், பேரிங், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஆகியவற்றை மாற்றி 3,800 ரூபாய் வாங்கினார்கள். பத்தே நாளில், மருத்துவமனைக்குக் கிளம்பும் நேரத்தில், அப்பாவை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் ஆட்டோ தேடி ஓட வேண்டியதாயிற்று. அந்தக் காலையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இந்தப் பட்டறையில் என்னைக் கவர்ந்த முதல் விஷயம், பானட்டைத் திறப்பதற்கு முன்பே மாஸ்டர் பத்து நிமிடம் கேள்வி கேட்டார் என்பதே. வண்டி எத்தனை நாள் நின்றால் இறங்குகிறது, டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிகிறதா, எனக்கு முன் வைத்திருந்தவர் கிளட்ச் வேலை ஏதும் பார்த்திருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். கிளட்ச் மாற்றிய ரசீது காரின் கோப்பிலேயே இருந்தது; அதற்கும் பேட்டரிக்கும் என்ன தொடர்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இன்ஜினை இயக்கி, விளக்குகளை அணைத்துவைத்து பேட்டரியில் மீட்டர் வைத்தபோது 14.0 வோல்ட் காட்டியது. இதே அளவைப் பார்த்துத்தான் பேட்டரிக் கடையில் சார்ஜிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். இவரோ அதோடு நிற்கவில்லை. ஹெட்லைட்டையும் ஏசி புளோயரையும் முழு வேகத்தில் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்திப் பிடிக்கச் சொல்லி மீண்டும் அளந்தார். டைனமோவின் வெளியீட்டு முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 14.2 வோல்ட் இருந்தது, பேட்டரியிலோ 13.2 வோல்ட்தான் இருந்தது. டைனமோ கொடுப்பதில் ஒரு வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது என்பது அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த ஒரு வோல்ட் எங்கே போகிறது என்பதை அவர் தேடிய முறையைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் வெளியீட்டிலும் மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்தார், 0.2 வோல்ட் காட்டியது, அது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே வைத்தார்; 0.8 வோல்ட். சீரான வண்டியில் இந்த இடத்தில் 0.2-க்கு மேல் போகக் கூடாது. செல்ஃப் அடிக்கச் சொன்னபோது அதே அளவு 2.5 வோல்ட்டைத் தாண்டியது. "டைனமோ நல்லாத்தான் கரண்ட் கொடுக்குது தம்பி, திரும்பி வர்ற வழிதான் அடைச்சுக் கிடக்கு" என்றார். டைனமோவுக்குள்ளேயே இருக்கும் ரெகுலேட்டர் தன் வாசலில் உள்ள வோல்ட்டேஜை மட்டுமே பார்ப்பதால் பேட்டரி பட்டினி கிடப்பது அதற்குத் தெரியாது என்றும், அதனால்தான் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை என்றும் பொறுமையாக விளக்கினார்.

பேட்டரி தட்டைக் கழற்றியதும் உண்மை வெளிப்பட்டது. நெகட்டிவ் முனையிலிருந்து கியர்பாக்ஸுக்குச் செல்லும் எர்த் கேபிளின், அதாவது அவர் சொன்ன அந்தத் திரும்பும் வழியின், போல்ட் முழுதாக இறுக்கப்படவில்லை. கிளட்ச் வேலைக்காகக் கியர்பாக்ஸை இறக்கியபோது கழற்றியதாக இருக்க வேண்டும். அதன் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கேபிளின் மேலுறையைக் கத்தியால் கீறிக் காட்டினார்; உள்ளே செம்பு இழைகளும் பச்சை பூத்து, பல இழைகள் அற்றுப்போயிருந்தன. செல்ஃப் அடித்தபின் அந்த முனையைத் தொட்டபோது கை சுட்டதற்கும் காரணம் இதுவே. இரண்டு பேட்டரிகளும் பழுதானவை அல்ல, அவை ஒருநாளும் முழுதாகச் சார்ஜ் ஏறவே இல்லை என்பதை நினைத்தபோது செலவழித்த பணத்தைவிட, அப்பா அலைந்த அலைச்சலே மனத்தை அழுத்தியது.

தடிமனான புதிய கேபிள் போட்டு, இணையும் இடத்தை எமரி தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கியபின் வாசலின் பூசினார். அதே விளக்கு, அதே புளோயர் ஓட, நெகட்டிவ் பக்கம் 0.04 வோல்ட்டாகக் குறைந்தது. பேட்டரியில் கிட்டத்தட்ட 14 வோல்ட் வந்தது. அதோடு விடாமல், வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்து, நிற்கும்போது கரண்ட் கசிகிறதா என்றும் பார்த்தார். 30 மில்லி ஆம்பியர்தான் இருந்தது, கவலைக்குரியது அன்று. மொத்தம் 750 ரூபாய் வாங்கினார். பழைய கேபிளை என்னிடமே கொடுத்துவிட்டார்.

குறைகளும் உண்டு. ஒரே மாஸ்டர், ஒரே உதவியாளர் என்பதால் காலை பத்து மணிக்குப் போன நான் பிற்பகல் இரண்டரைக்குத்தான் வெளியே வந்தேன். உட்கார ஒரு பெஞ்சு மட்டுமே உண்டு. முதியவர்களை அழைத்துச் செல்வது சரிவராது. கேட்டால்தான் ரசீது தருகிறார்கள், அதுவும் துண்டுத்தாளில். வேலை நடக்கும்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை. இவற்றில் ரசீது விஷயத்தை அவர்கள் அவசியம் திருத்திக்கொள்ள வேண்டும். பழைய வண்டியில் முன்பு என்ன வேலை நடந்தது என்பதைக் காட்டும் காகிதம் எவ்வளவு உதவும் என்பதற்கு என் கிளட்ச் ரசீதே சாட்சி.

நான்கு மாதங்கள் ஆகின்றன. அக்கினி நட்சத்திர வெயிலும் கடந்துவிட்டது. இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் அளந்தால், முன்பு 12.2 காட்டிய இடத்தில் இப்போது 12.6 வோல்ட் காட்டுகிறது. ஒரு டயாலிசிஸ் நாளும் தவறவில்லை. இங்கே செல்ல நினைப்பவர்கள், முடிந்தால் முந்தைய மாலையே வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். இரவு ஓய்ந்த பேட்டரியை அளந்து வேலையைத் தொடங்குவதையே மாஸ்டரும் விரும்புகிறார். ஞாயிறு விடுமுறை.