எலி மருந்து வைக்க ஆள் கூப்பிடுகிறீர்களா? முதலில் மருந்தின் பெயரைக் கேளுங்கள்

வீட்டில் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். எலித் தொல்லைக்கு வருட ஒப்பந்தம் என்று 6,500 ரூபாய் வாங்கிக்கொண்ட ஒரு பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனம் எங்கள் வீட்டில் செய்துவிட்டுப் போனதை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை.

எங்களுடையது தாம்பரம் பக்கம் தனி வீடு. பின்பக்கம் மோட்டார், பழைய சாமான், கோழித்தீவனம் எல்லாம் போட்டு வைக்கிற தகரக் கொட்டகை. எலி அங்கே குடியேறி, அப்புறம் சமையலறைக்கும் வந்துவிட்டது. வந்த ஆள் எந்த ஓட்டை வழியாக வருகிறது என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. ஃபால்ஸ் சீலிங் மேலே எலி மருந்து கேக் வைத்தார், "இதைத் தின்னா தண்ணி தேடி வெளிய போய்ச் செத்துடும் சார், வாடையே வராது" என்றார். சுத்தப் பொய். அது ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற மருந்து, தின்ற எலி சில நாள் கழித்து எங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கேயே சாகும். எங்களுக்கு சீலிங்குக்குள்ளேயே செத்து நாறியது. எடுக்கச் சொன்னால் அதற்குத் தனியாக 1,500 கேட்டார்கள்.

இதோடு எலியை விரட்டும் என்று சொல்லி, பிளக்கில் மாட்டுகிற ஒலி மெஷின் ஒன்றையும் தலையில் கட்டினார்கள். அந்த ஒலி சுவரையோ அலமாரியையோ தாண்டாது, எலிக்கும் சீக்கிரம் பழகிவிடும். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001லேயே இப்படி விற்ற அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

இதெல்லாம் பணத்தோடு போகட்டும். அடுத்த முறை வந்தவர் அப்பா படுக்கிற அறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் காகிதத்தில் மடித்து ஏதோ மாத்திரை வைத்தார். பெயர் கேட்டதற்கு "கம்பெனி மருந்து" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் பூண்டு மாதிரி ஒரு நெடி. பக்கத்து வீட்டு அரிசி மண்டி அண்ணன் வந்து பார்த்துவிட்டு, இது குடோனில் மூட்டைக்குப் போடுகிற மாத்திரை, உடனே எல்லோரும் வெளியே வாருங்கள் என்று கத்தினார். அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷ வாயு வரும், அதற்கு முறிவு மருந்தே கிடையாது. மனிதர் குடியிருக்கும் வீட்டுக்குள் வைக்கவே கூடாத பொருள் அது. அப்பாவுக்கு வாந்தியும் தலைசுற்றலும், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். 2024 நவம்பரில் குன்றத்தூரில், வீட்டில் எலி மருந்து வைத்த பிறகு ஏசி அறையில் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனது நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகும் இப்படிச் செய்கிறார்கள் என்றால் என்ன துணிச்சல்!

யாரைக் கூப்பிட்டாலும் வேளாண்மைத் துறை கொடுத்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், மருந்தின் பெயரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். முதலில் ஓட்டையைத் தேடாமல் மருந்துப் பையைத் திறக்கிறவர் உங்கள் எலியைத் துரத்த வரவில்லை, அடுத்த வருட ஒப்பந்தத்துக்குத்தான் வந்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் கடைசியில் வேலையை முடித்தது ஒரு கொத்தனார். சுண்டெலிக்குப் பென்சில் நுழைகிற சந்து போதும். சிங்க் பைப்பைச் சுற்றி இரும்பு நாரைத் திணித்து சிமெண்ட் பூசினார், கொட்டகைக் கதவின் அடியில் தகடு அடித்தார், ஜன்னலுக்கும் சாக்கடை வாய்க்கும் நெருக்கமான கம்பி வலை. தீவனத்தை மூடி போட்ட டிரம்முக்கு மாற்றினோம், மிச்சமிருந்த எலிகளைக் கூண்டு வைத்துப் பிடித்தோம்.

அந்த நிறுவனம் இப்போது போனே எடுப்பதில்லை. மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்தாயிற்று. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ரசீதையும் மருந்து வைத்த இடத்தின் போட்டோவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.