பிக்சீஸ்: சர்ஃபர் ரோசாவா, டூலிட்டிலா?

பாஸ்டன் ராக் குழுவான பிக்சீஸை எந்த ஆல்பத்தில் தொடங்குவது? நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது.

செலவு: சர்ஃபர் ரோசா (1988) சுமார் பத்தே நாளில் மலிவாகப் பதிவானது. டூலிட்டிலுக்கு (1989) ஏறக்குறைய 40,000 டாலர் ஒதுக்கினார்கள்.

ஒலி: முன்னதில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி நிஜமான எதிரொலி வேண்டுமென்று குழுவின் அப்போதைய பாஸ் கிட்டார் கலைஞர் கிம் டீலைக் குளியலறையில் பாடவைத்தார். சுவரில் பட்டுத் திரும்பும் அந்தக் குரலை ஹெட்ஃபோனில் கேளுங்கள், சிலிர்க்கும். டிரம் அடி நெஞ்சில் விழும். பின்னதைத் தயாரிப்பாளர் கில் நார்ட்டன் நன்றாக இழைத்திருக்கிறார்.

கேட்க எளிமை: சந்தேகமே இல்லை, டூலிட்டில். 15 பாட்டு, 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிரிட்டனில் 8-ஆம் இடம் பிடித்தது.

குழுவுக்குள் ஒற்றுமை: சர்ஃபர் ரோசாவில் டீல் ஒரு பாட்டை முன்னால் நின்று பாடுவார். டூலிட்டில் சமயத்தில் அவருக்கும் முதன்மைப் பாடகர் பிளாக் ஃபிரான்சிஸுக்கும் உரசல் முற்றியது. 1993-இல் ஃபிரான்சிஸ் வானொலிப் பேட்டியில் குழு கலைந்ததாகச் சொன்னார். டீலுக்கு ஃபேக்ஸில் தகவல் போனது. இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

மெட்டு முக்கியமென்றால் டூலிட்டில். நால்வரும் ஒரே மூச்சில் வாசிப்பதைக் கேட்க வேண்டுமென்றால் சர்ஃபர் ரோசா. என் கை முதலில் போவது அதற்குத்தான்.