இயற்பியலுக்கு டிரான்ஸ்ஃபர்: கால் ஸ்டேட் பாதையா, யூசி பாதையா?

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) தொடங்கி, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சேர நினைப்பவர்களுக்கு இரண்டு பெரிய பாதைகள் உண்டு. கம்யூனிட்டி காலேஜிலேயே டிரான்ஸ்ஃபருக்கான ஏஎஸ்-டி (AS-T) பட்டம் வாங்கிக்கொண்டு கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி, CSU) போகலாம். அல்லது 'டேக்' (TAG) என்ற டிரான்ஸ்ஃபர் உத்தரவாத ஒப்பந்தம் போட்டு யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, UC) போகலாம்.

இரண்டுமே இடத்துக்கு உத்தரவாதம் தருகின்றன, ஆனால் ஒரே மாதிரியாக அல்ல. ஏஎஸ்-டி முடித்தால் கால் ஸ்டேட்டில் ஏதோ ஒரு வளாகத்தில் இடம் உண்டு. அது நீங்கள் கேட்ட வளாகமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. டேக் நீங்களே தேர்ந்தெடுக்கும் ஒரு வளாகத்துக்கானது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறில்தான் அது உண்டு. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றுக்கும் போட்டியில்தான் போக வேண்டும்.

உண்மையான வேறுபாடு பாடங்களில் இருக்கிறது. ஏஎஸ்-டி 60 செமஸ்டர் யூனிட் (பாடங்களின் அளவுக்கான கணக்கு). பொதுக்கல்விப் பாடங்கள் முழுவதும் அதற்குள் வந்துவிடும். இயற்பியல் மூன்று பாடம், கால்குலஸ் மூன்று பாடம் இருந்தால் போதும். சேருவதற்கு முன் முடிக்க வேண்டிய பாடங்களின் யூசி இயற்பியல் பட்டியலோ லீனியர் ஆல்ஜிப்ராவையும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸையும் சேர்த்துக் கேட்கிறது. பொதுக்கல்வியில் ஒன்றிரண்டு மிச்சம் இருந்தால் அங்கே போயும் முடிக்கலாம்; கணிதம் மிச்சம் இருந்தால் சிக்கல். மூன்றாம் ஆண்டில் குவாண்டம் மெக்கானிக்ஸ் வகுப்பு லீனியர் ஆல்ஜிப்ராவில் வரும் ஐகன் வேல்யூவைத் தெரிந்ததாகவே வைத்துக்கொண்டு ஆரம்பிக்கும்.

அதனால் கால் ஸ்டேட் போகிறவர்களும் அந்த இரண்டு கணிதப் பாடங்களையும் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பட்டத்துக்கு அவை கட்டாயமில்லை, உங்களுக்குக் கட்டாயம்.

அப்புறம் வரிசை. குபெர்டினோவின் டி ஆன்சா கல்லூரியில் இயற்பியல் 4ஏ முதல் 4டி வரை நான்கு குவார்ட்டர் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவம்) ஓடுகிறது: மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், அலைகளும் வெப்பமும், நவீன இயற்பியல். ஒவ்வொன்றும் முந்தையதைக் கேட்கும், கூடவே கால்குலஸும் நகர வேண்டும். செமஸ்டர் கல்லூரிகள் இதே விஷயங்களை மூன்றாகப் பிரிக்கின்றன. பாதியில் கல்லூரி மாறினால், ஒளியியல் இருமுறை வரும், வெப்பவியல் ஒருமுறைகூட வராது என்ற நிலை வரலாம். வரிசையைத் தொடங்கிய இடத்திலேயே முடியுங்கள். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் (assist.org) இணையதளத்தில் வளாக வாரியாகப் பார்க்கலாம்.

முதல் பருவத்திலேயே கால்குலஸில் உட்கார முடிகிறவர்களுக்கு யூசி பாதையைச் சொல்வேன். கால்குலஸுக்கு முந்தைய பாடமான பிரீகால்குலஸில் தொடங்குகிறவர்களுக்கு, கோடை வகுப்புகள் இல்லாமல், எந்தப் பாதையிலும் இரண்டு ஆண்டு போதாது. மூன்றாவது ஆண்டு எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. மின்காந்தவியலை அரைகுறையாக முடித்துவிட்டு ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இலையுதிர் பருவத்தில் சேர, டேக் விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் செப்டம்பரில், 1 முதல் 30 வரை மட்டும். யூசி சேர்க்கை விண்ணப்பத்தை அதன் பிறகு தனியாகப் போட வேண்டும்.