தாய்வீடா, நம் வீடா, ஆயாவா? பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரம்

முதல் பிரசவம் என்றால் தாய்வீடு. நம் ஊரில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசி முடிவெடுப்பதில்லை. வளைகாப்பு முடிந்ததும் கூட்டிப்போவார்கள், பிள்ளைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பார்த்துக் கொண்டுவந்து விடுவார்கள். இன்று இதற்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. பெண் தன் வீட்டிலேயே இருக்க, அம்மா வந்து தங்குவது ஒன்று. ஏஜென்சி வழியாக ஆயாவையோ ஹோம் நர்ஸையோ அமர்த்திக்கொள்வது இன்னொன்று. நாங்கள் தேர்ந்தெடுத்தது அம்மா வந்து தங்கும் வழி. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடலாம். சாப்பாட்டில் தாய்வீட்டை மிஞ்ச முடியாது. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் அளவு பிரசவ லேகியம் எல்லாம் கேட்காமலே வரும். பத்து மணி வரை நைட்டியோடு படுத்துக் கிடந்தாலும், காரணமில்லாமல் அழுதாலும் அங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆயா என்றால் செலவு கூடும். அம்மா இங்கே வந்தால் ஊரில் அப்பாவின் சாப்பாடும் மாத்திரையும் யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை, இது மூன்று வழிக்கும் பொது. பத்தியம் என்ற பேரில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். "பச்சை உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்" என்று இன்றும் சொல்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், முக்கினால் தையல் வலிக்கும், மூலம் தள்ளும், சிறுநீர்த் தொற்றும் வரும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். தாகம் எடுத்தால் அதற்கு மேலும் குடிக்கலாம். காய், கீரை, பழம் எதையும் விலக்க வேண்டியதில்லை. இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பின் 180 நாள் போட வேண்டும். அதையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் போட்டால் இரும்பு சரியாகச் சேராது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீ, காபியோடும் வேண்டாம்.

இனி, முடிவைத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். அது சாப்பாடும் இல்லை, செலவும் இல்லை. இரவு. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால் யார் எழுந்திருப்பது?

பச்சைக் குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுக்குள் மூன்று, நான்கு முறை நிச்சயம். எழுந்து தூக்கி, ஈரத் துணி மாற்றி, பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து, மறுபடி தூங்க வைத்துத் தானும் படுக்க ஒரு முறைக்கு ஒரு மணி நேரம் போய்விடும். இடையில் கிடைக்கும் தூக்கம் ஒன்றரை மணி நேரத் துண்டுகள்தான். ஆனால் இந்த ஒரு மணி நேரத்தில் தாயால் மட்டுமே முடிகிற வேலை பால் கொடுக்கும் இருபது, முப்பது நிமிடம். மீதியை வேறு யாரும் செய்யலாம்.

சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த மீதிதான் பெரிய பாரம். மல்லாந்து படுத்த நிலையிலிருந்து நேராக எழுந்தால் தையல் மேல் முழு இழுப்பும் விழும். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்தாற்போல் ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி, மற்ற கையால் கட்டிலைத் தள்ளித்தான் எழ வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையைத் தையல் மேல் அணைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ராத்திரியில் நான்கு தடவை இப்படி எழுவதும், கழிவறைக்கு மட்டும் ஒரு தடவை எழுவதும் ஒன்றாகிவிடாது. யாராவது பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினால், ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுத்துவிட்டு அப்படியே கண்ணை மூடலாம். கொடுத்து முடித்ததும் பிள்ளையை எடுத்து அதன் தொட்டிலில் விட அந்த ஆள் விழித்திருக்க வேண்டும்.

தாய்வீட்டில் அந்த ஆள் யார்? பெரும்பாலும் பகல் முழுக்க அடுப்படியில் நின்ற அதே அம்மாதான். ஐம்பத்தைந்து, அறுபது வயது, சர்க்கரையோ முழங்கால் வலியோ இருக்கும். முதல் இரண்டு வாரம் உற்சாகத்தில் ஓடும். மூன்றாவது வாரம் அம்மாவின் உடம்பு படுக்கும். அதன்பின் பெண் அம்மாவை எழுப்ப மாட்டாள், "பாவம், தூங்கட்டும்" என்று தானே எழுவாள். மாப்பிள்ளை சனிக்கிழமை பஸ் பிடித்து வருவார், ஞாயிறு ராத்திரி கிளம்புவார். அந்த ஒரு ராத்திரியிலும் அவருக்குத் தனி அறையில் பாய் விரித்துவிடுவார்கள்.

இதன் விலை மூன்றாம் மாதம் திரும்பி வரும்போது தெரியும். கூடமாட நின்ற கைகள் இல்லை, பிள்ளைக்கு இடம் புதிது, ஏப்பம் விட வைக்கக்கூடப் பழகாத அப்பா. பெண்ணுக்கோ அதுவரை சேர்ந்த தூக்கக் கடன். நல்லபடியாக நடந்த பிரசவத்திலும் மன அழுத்தம் ஊடுருவ இது ஒரு வாசல். குழந்தை பிறந்த மூன்றாம் நாளிலிருந்து வரும் அழுகையும் எரிச்சலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் நீண்டாலோ, பிள்ளை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வரவில்லை என்று அவள் சொன்னாலோ, மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலும் பேசலாம்.

நம் வீட்டு ஏற்பாட்டில் இரவைப் பங்கு போட்டுக்கொள்ள முடிகிறது. வேலைக்குப் போகும் கணவர் ராத்திரி முழுக்க விழித்தால் பத்து நாளில் அவரும் விழுவார். அதனால் பத்திலிருந்து மூன்று வரை அவர், மூன்றுக்குப் பிறகு அம்மா. ஒன்பது மணிக்கே வேறு அறையில் கதவைச் சாத்திப் படுத்துவிடுகிற அம்மாவுக்கு மூன்று மணி என்பது ஆறு மணி நேரம் தூங்கி எழும் வேளை. கணவருக்கும் மூன்றிலிருந்து எட்டு வரை கிடைக்கும். பெண்ணுக்கு இரண்டு பால் வேளைக்கு நடுவில் முழு இரண்டு மணி நேரம், சில நாள் இரண்டரையும் வாய்க்கும்.

இதற்குக் கட்டில் பக்கத்தில் ஒரு கூடை போதும். ஆறேழு துணி அல்லது டயப்பர், பஞ்சு, பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர், தாய்க்கு ஒரு லிட்டர் குடிதண்ணீர், பசித்தால் சாப்பிடப் பொட்டுக்கடலை உருண்டை, தாய்க்கு ஒரு பாக்கெட் நாப்கின், ஒரு நோட்டு. ட்யூப்லைட் போடாதீர்கள், மங்கிய பல்பு போதும். வெளிச்சம் வந்தால் பிள்ளை விளையாட ஆரம்பித்துவிடும். நோட்டில் பால் குடித்த நேரம், சிறுநீர் போன தடவை, தாய் போட்ட வலி மாத்திரையின் நேரம் மூன்றும் எழுதுங்கள். ஆள் மாறும் வீட்டில் இந்த நோட்டு இல்லாவிட்டால் ஒரே மாத்திரையை இருவரும் கொடுத்துவிடுவார்கள். பிறந்த ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் போனால், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பினால், பால் போதுகிறது என்று அர்த்தம். பிள்ளை அழுகிறது என்பதை மட்டும் வைத்து "பால் பத்தல" என்று பவுடர் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள்.

நாலு வாரம் தாண்டி, பால் நன்றாக ஊறிய பிறகு, ராத்திரியில் ஒரே ஒரு வேளையைப் பீய்ச்சிய தாய்ப்பாலால் சமாளிக்கலாம். அதற்கு முன் வேண்டாம், ராத்திரிப் பாலைத் தவிர்த்தால் சுரப்பே குறையும். பாட்டிலைவிட மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணம் நல்லது, கழுவிக் கொதிக்கவைப்பதும் சுலபம். பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் தொட வைத்து, அது நாக்கை நீட்டி உறிஞ்ச விடுங்கள். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். பீய்ச்சிய பால் வெளியில் 4 மணி நேரம் வரை தாங்கும் என்பது 25 டிகிரிக்கு. நம் சித்திரை வெயிலில் பீய்ச்சியதுமே பிரிட்ஜில் வைப்பதுதான் சரி.

இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் உடைப்பது அம்மாவேதான். "மாப்பிள்ளை காலையில ஆபீஸ் போகணும், எழுப்பாதம்மா" என்று காதோடு சொல்லிவிட்டுத் தானே எழுந்து வருவார். இரண்டே நாளில் பழைய முறைக்குத் திரும்பிவிடும். இதைப் பிரசவத்துக்கு முன்பே கணவர்தான் மாமியாரிடம் நேராகச் சொல்ல வேண்டும்: "அத்தை, மூணு மணி வரைக்கும் என் பொறுப்பு." மகள் சொன்னால் எடுபடாது. அடுத்து, பகலில் சமையலும் பாத்திரமும் துணியும் அம்மா தலையில் விழுந்தால் மூன்று மணிக்கு அவரால் எழ முடியாது. செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் ஓர் ஆள் வைத்துவிட்டு, பத்தியக் குழம்பை மட்டும் அம்மா கையில் விடுங்கள்.

தனிக்குடித்தனத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. மாமனார் மாமியாரோடு ஒரே வீடு என்றால் கதை வேறு. சம்பந்தி வீட்டில் ஆறு வாரம் தங்க எந்த அம்மாவும் கூசுவார். அங்கே சமையல் மாமியார், பிள்ளை அம்மா என்று பிரித்தால் ஓடலாம், ஓடாமலும் போகலாம். அது இரண்டு பேரின் குணத்தைப் பொறுத்தது.

நம் வீட்டில் இருப்பதில் இன்னொரு லாபம், பிரசவம் பார்த்த மருத்துவமனை பக்கத்தில் இருப்பது. தாய்க்கு ஆபத்து முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், எலுமிச்சையளவு ரத்தக் கட்டி விழுந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், தையலில் சீழ் வைத்தால், ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால் அன்றே போக வேண்டும். கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவர்கள் வீட்டில் மேற்கையில் கட்டும் பிரஷர் மெஷின் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் ஏறுவது வழக்கம். 140/90 தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 160/110 என்றால், அல்லது கடுமையான தலைவலியோ கண் மங்கலோ வந்தால், 108தான். பிரசவத்துக்கு முன்பு இல்லாத பிரஷரும் பின்னால் வரலாம். பிள்ளை பால் குடிக்க மறுத்தால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ காத்திருக்காதீர்கள். இரண்டு மணி நேரப் பயணத் தூரத்துத் தாய்வீட்டில் இதையெல்லாம் "காலையில பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடத் தோன்றும்.

ஆயாவைப் பற்றிச் சுருக்கமாக. தாயும் மாமியாரும் வர முடியாத வீட்டில் இது நல்ல வழி, அதில் சந்தேகமில்லை. ஆனால் 24 மணி நேர ஆயா என்பவரும் தூங்க வேண்டும். பகலில் குளிப்பாட்டி, துணி அலசி, சமைத்த அதே ஆளை ராத்திரியும் விழிக்கச் சொன்னால் பிள்ளை அழுதாலும் அவருக்குக் கேட்காது. ஒருவரைத்தான் வைக்க முடியும் என்றால் இரவுக்கு மட்டும் வையுங்கள். ஏஜென்சியில் கேட்க வேண்டியவை: ஆள் திடீரென நின்றால் எத்தனை நாளில் மாற்று வரும், முன்பணம் திரும்புமா, ஆதார் நகலும் போலீஸ் சரிபார்ப்பும் உண்டா, கடைசியாக வேலை பார்த்த வீட்டாரிடம் பேசலாமா. முதல் நாளே சொல்லிவிட வேண்டியவை: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, குளிப்பாட்டும்போது மூக்கை ஊதவோ மார்பைப் பிதுக்கவோ கூடாது, உரைமருந்தும் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாக்கில் வைக்கக் கூடாது, சிசேரியன் ஆன வயிற்றில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வீசி ஊற்றக் கூடாது. இரட்டைப் பிள்ளை, குறைமாதப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு நான் இந்தக் கணக்கை அப்படியே சொல்ல மாட்டேன். அங்கே பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் இரவில் இருப்பது வேறு எந்த ஏற்பாட்டையும்விட மேலாக இருக்கலாம்.

தாய்வீடுதான் முடிவு என்றால் அதையும் சரிசெய்து கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு அதன்பின் கிளம்புங்கள். போகுமுன் உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஆர்.சி.எச். எண்ணோடு (அரசின் கர்ப்பப் பதிவு எண்) சொல்லிவிடுங்கள். அங்கே போனதும் அந்த ஊர்ச் செவிலியரிடம் பதியுங்கள், வீட்டுக்கு வந்து பார்ப்பதும் உதவித்தொகையும் அதைப் பிடித்துத்தான் நடக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியும் தடுப்பூசி அட்டையும் கையோடு இருக்கட்டும். ராத்திரி ஆளாகத் தம்பியோ தங்கையோ அப்பாவோ ஒருவர் பேர் சொல்லி ஒப்புக்கொள்ளட்டும். தனியார் வேலையில் ஆண்களுக்கென்று பிரசவ விடுப்புச் சட்டம் கிடையாது. கணவரிடம் இருக்கும் பத்துப் பதினைந்து நாள் லீவைப் பிறந்த வாரத்திலேயே தீர்க்காமல், பாதியைத் திரும்பி வரும் வாரத்துக்கு வையுங்கள். அந்த வாரத்து ராத்திரிகளில் அவர் வீட்டில் இருக்க வேண்டும். திரும்பும் நாளைக் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். 6, 10, 14 வார ஊசி போட்ட அன்றைக்கும் மறுநாளும் காய்ச்சல் வரலாம், அந்த இரண்டு நாளையும் ஒட்டிப் பயணம் வைக்காதீர்கள்.